கோயில் பாடகர் குழுவில் இருக்கும் தம்பி ராஜபார்ட் போடலாமா?

கேள்வி: பிப்ரவரி 24, 2025

எங்கள் ஊர் தேவகோட்டைப் பக்கம். தம்பிக்கு 22 வயது. எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலில், அதாவது சர்ச்சில், பாடகர் குழுவில் பாடுகிறான், குரல் நன்றாக ஏறும். பங்குனி சீசனுக்கு வள்ளி திருமணம் நாடகத்தில் ராஜபார்ட், அதாவது கதாநாயகனான முருகன் வேஷம், போட ஆள் வேண்டும் என்று காரைக்குடியிலிருந்து ஒரு ஏஜென்ட் வந்து அப்பாவிடம் பேசிவிட்டுப் போனார். அப்பாவுக்குச் சம்மதம்தான். பங்கில் மறைக்கல்வி சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் கூடாது என்கிறார். சனிக்கிழமை ராத்திரி முருகன் வேஷம் கட்டியவன் ஞாயிற்றுக்கிழமை காலையில் நற்கருணை வாங்க எந்த முகத்தோடு வரிசையில் நிற்பான் என்று கேட்கிறார். இந்தத் தொழிலில் கிறிஸ்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பிப்ரவரி 25

நான் இருக்கிறேன். ராஜபார்ட் இல்லை, ஆர்மோனியம். தேவகோட்டைக்கும் காளையார்கோவிலுக்கும் நடுவில் ஒரு பங்கு. கத்தோலிக்கக் குடும்பம். கோயில் ஆர்மோனியத்தில் பழகிய கைதான் பிறகு மேடைக்குப் போனது.

முதலில் ஏஜென்ட் சொன்னதைப் பார்ப்போம். குரல் ஏறுகிறது என்பதற்காக யாரையும் எடுத்த எடுப்பில் ராஜபார்ட் போட விடமாட்டார்கள். ஊர்த் திருவிழாவுக்கு ஆட்களைத் தனித்தனியாக அமர்த்தி ராத்திரி முழுக்கப் போடும் இந்த ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் புதுக்கோட்டையிலிருந்து வருவார், வள்ளி மதுரையிலிருந்து வரும், பபூன், அதாவது கோமாளி, வேறெங்கிருந்தோ வருவார், நான் இங்கிருந்து போவேன். அன்றைய ராத்திரிக்கு யார் யார் என்பதே மேடைக்குப் பின்னால் அரிதாரம் பூசும்போதுதான் பலருக்கும் தெரியும். வேலன், வேடன், விருத்தன் என்று வேடம் மாற்றி மாற்றி வந்து, எதிரே நிற்கும் வள்ளியோடு தர்க்கம் பண்ண வேண்டும். வள்ளி பழைய கை என்றால், கதைக்குள் இல்லாத கேள்வியெல்லாம் கேட்டுப் பையனை மைக் முன்னால் வியர்க்க வைத்துவிடும். பதில் வராவிட்டால் கூட்டம் விசிலடிக்கும். வருஷக்கணக்கில் கூடவே சுற்றிப் பழகியவர்களுக்கே சில ராத்திரி தடுமாறும். அதனால் ஏஜென்ட் கேட்டது நிஜமாகவே ராஜபார்ட்தானா, இல்லை டான்ஸ் பெண்ணோடு ஆட ஒரு காமிக் ஆளா என்று திரும்பக் கேளுங்கள்.

அடுத்தது உபதேசியார் கேள்வி. ராத்திரி பத்து மணிக்கு மேடையில் முதல் சத்தம் என்னுடையது. விநாயகர் துதி, அப்புறம் முருகன், அப்புறம் அந்த ஊர்த் தெய்வம். ஊருக்குப் போனவுடன் நான் கேட்கும் முதல் கேள்வியே ‘இங்கே காவல் தெய்வம் பேரென்ன’ என்பதுதான். பேர் விட்டுப்போனால் கமிட்டியில் சண்டை. அய்யனாரையும் கருப்பரையும் முத்துமாரியையும் பாடிவிட்டு, விடிந்ததும் பஸ் ஏறிக் காலைப் பூசைக்கு வந்து ‘ஆண்டவரே இரக்கமாயிரும்’ வாசித்திருக்கிறேன். இரண்டுக்கும் நடுவே என் மனசு இரண்டாகப் பிளந்தது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். அப்படி எதுவும் நடக்கவில்லை. தூக்கம்தான் வந்தது.

பிப்ரவரி 25, ராத்திரி

விட்டுப்போன ஒன்று. ராஜபார்ட் போடுகிறவர்களில் நம்மவர்கள் உண்டு, முஸ்லிம்களும் உண்டு. எனக்குப் பழக்கமான ஒருவர், நம் மதம்தான், முருகனாக நின்றால் மேடையே நிறையும். விடியற்காலையில் கல்யாணம் முடிந்ததும் அம்மாமார்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து திருநீறு பூசச் சொல்வார்கள். பூசுவார். ஒரு தடவை கேட்டேன். “ராத்திரி முழுக்க அந்த அம்மா பனியில உட்கார்ந்திருக்கு அண்ணே. அது கையில பிள்ளையை வச்சுக்கிட்டு நிக்கிறப்ப நான் கிறிஸ்தவன்னு பிரசங்கம் வைக்கவா?” என்றார்.

பிப்ரவரி 28

மேடையே கிறிஸ்தவனுக்கு ஆகாது என்று சொல்ல ஒருவர் ஆதித் திருச்சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் வரைக்கும் போய்விட்டார். சரி, போவோம். கி.பி. 200 வாக்கிலேயே அவர் கூத்துக்களுக்கு எதிராகத் தனி நூல் எழுதியது உண்மைதான். ஆதித் திருச்சபையில் நடிகர்கள் ஞானஸ்நானம் கேட்டு வந்தால் தொழிலை விட்டுவிட்டு வா என்று சொன்னதும் உண்மைதான். அன்றைய ரோமாபுரி மேடை எப்படி இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வேத கலாபனை, அதாவது கிறிஸ்தவர்களைத் துன்புறுத்துவது, நடந்த காலம், கிறிஸ்தவர்களைக் கேலி செய்வதே அங்கே ஒரு நகைச்சுவை அயிட்டம். நடிகர்களுக்குப் பாதுகாவலராக நம் சபை வைத்திருக்கும் புனித ஜெனேசியுஸ் கதையே அதுதான். ஞானஸ்நானத்தை நக்கல் செய்து நடிக்க ஏறியவர், தண்ணீர் ஊற்றும் காட்சியில் அங்கேயே மனம் மாறி ரோமைப் பேரரசன் தியோக்கிளேசியன் முன்னால் விசுவாசத்தை அறிக்கையிட்டார் என்று மரபு சொல்கிறது. திருநாள் ஆகஸ்ட் 25. கவனியுங்கள், அவர் போட்டது காமிக் பார்ட். நம் கணக்கில் பபூன்.

இரண்டாம் ஜான் பால் இளமையில் நடிகர். ஜெர்மானியர் போலந்தைப் பிடித்திருந்த காலத்தில் கிராக்கோவில் ஒளிந்து ஒளிந்து நாடகம் போட்ட குழுவில் இருந்தவர். பாப்பரசர் ஆன பிறகு 1999-இல் கலைஞர்களுக்கென்று ஒரு மடலே எழுதினார். உபதேசியாரிடம் சொல்லிப் பார்க்கலாம். அவர் தெர்த்துல்லியன் கட்சியில்தான் இருப்பார் என்று நினைக்கிறேன்.

வேஷம் போடுவதே பொய் என்று எழுதிய தம்பிக்கு: ஓரியூர் பக்கம்தானே? புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) போர்த்துக்கல் பிரபு வீட்டுப் பிள்ளை. இங்கே வந்து காவி கட்டி, மரக்கறி உண்டு, பண்டாரச் சாமியாராகத்தான் மறவர் சீமையில் நடந்தார். 1693 பிப்ரவரி 4-ஆம் தேதி உங்கள் ஊர் மண்ணில்தான் தலை விழுந்தது. 1947-இல் ரோமாபுரி அவரைப் புனிதர் என்று அறிவித்தபோது அந்தக் காவியை யாரும் குற்றமாகச் சொல்லவில்லை.

மார்ச் 2

விக்கிரக ஆராதனை என்று நான்கைந்து பேர். வசன எண்களோடு. சரி, நானும் ஒன்று தருகிறேன். 2 அரசர் 5:18. சீரியாக்காரன் நாமான் குஷ்டம் நீங்கி, இனி ஆண்டவரைத் தவிர யாரையும் வழிபடமாட்டேன் என்கிறான். உடனே ஒரு சிக்கலையும் சொல்கிறான்: என் ராஜா ரிம்மோன் கோவிலில் கும்பிடும்போது என் கையைப் பிடித்துக்கொண்டுதான் குனிவார், கூட நானும் குனிய வேண்டியிருக்கும், அதை ஆண்டவர் மன்னிக்கட்டும். எலிசா அவனைத் திட்டவில்லை. சமாதானமாய்ப் போ என்கிறார். நான் துதி பாடும் ராத்திரிகளுக்கு இந்த ஒரு வசனம் போதும்.

மார்ச் 3

போதாது என்று ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பிடித்துவிட்டார். நாமான் மன்னிப்புக் கேட்டான், அப்படியென்றால் அது தப்பு என்று அவனுக்கே தெரிந்திருக்கிறது, நீங்கள் மன்னிப்புக் கேட்காமலேயே அனுமதி எடுத்துக்கொள்கிறீர்கள் என்கிறார். ஒரு நாள் முழுக்க யோசித்தேன். அவர் பாயிண்ட் சரிதான். நாமானுக்கு வேறு வழியில்லை, ராஜா உத்தரவு. எனக்கு ராஜா இல்லை, ஏஜென்ட்தான், மறுக்கலாம். ஆனால் நாமான் குனிந்தது ரிம்மோன் முன்னால். நான் பாடுவது கூட்டத்தின் முன்னால். அந்த ஊர்க்காரர்களுக்குப் பதிலாக அவர்கள் சாமியை அழைத்துக் கொடுக்கிறேன், நானாக நேர்ச்சை ஏதும் வைக்கவில்லை. இந்த வித்தியாசத்தை ஆசிரியர் ஏற்கமாட்டார். எனக்கும் இது முழுக்க நிற்கும் என்று தோன்றவில்லை, ஆனால் பாதி நிற்கிறது.

கிடாவெட்டுச் சாப்பாடு சாப்பிடலாமா என்று கேட்டவருக்கு: 1 கொரிந்தியர் 8-ஐ முழுசாகப் படியுங்கள். பவுல் சாப்பாட்டை விடப் பக்கத்தில் சாப்பிடுகிறவனின் மனசைப் பற்றித்தான் கவலைப்படுகிறார். ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களான தபசு காலத்து வெள்ளிக்கிழமை என்றால் நான் கறி தொடமாட்டேன், ரசம் வாங்கிக்கொள்வேன். கமிட்டிக்காரர்கள் என்ன விரதமோ என்று அதையும் மரியாதையாகத்தான் பார்ப்பார்கள்.

மார்ச் 6

நேற்று சாம்பல் புதன், காலையில் நம் கோயிலில் நெற்றியில் சாம்பல் பூசினார்கள். ராத்திரி மானாமதுரைப் பக்கம் மாசித் திருவிழா நாடகம். பூசாரி தட்டோடு வந்து அரிதாரம் போடும் இடத்தில் எல்லார் நெற்றியிலும் பூசிக்கொண்டே வந்தார். என்னிடம் வந்ததும் நெற்றியைப் பார்த்துவிட்டு “உங்களுக்கு ஏற்கனவே ஆயிடுச்சா” என்று தாண்டிப் போய்விட்டார். தெர்த்துல்லியன் ரசிகர்கள் குறித்துக்கொள்ளவும்.

மார்ச் 10

இழை எங்கெங்கோ போகிறது. போகட்டும், சினிமாவைப் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன். செட்டிநாட்டுக்கும் சினிமாவுக்கும் உள்ள உறவு இந்த மாளிகைகளைப் படம் பிடிப்பதோடு தொடங்கவில்லை. மெய்யப்ப செட்டியார் 1948-இல் கோடம்பாக்கம் போவதற்கு முன்னால் ஏவிஎம் ஸ்டூடியோவே காரைக்குடியில், தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டுத்தான் நடந்தது. நாடகக்காரர்கள் அங்கே வரிசையில் நின்ற கதைகளைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இன்றைக்கும் கானாடுகாத்தானில் ஷூட்டிங் என்றால் எங்கள் ஆட்களைக் கூட்டத்தில் நிற்கக் கூப்பிடுவார்கள். சம்பளம் சுமார், சாப்பாடு நன்றாக இருக்கும்.

ஒரு தடவை கிறிஸ்தவக் குடும்பத்துச் சாவு வீடு காட்சி. நானும் இன்னும் சிலரும் நிஜக் கிறிஸ்தவர்கள். வேட்டி சட்டையோடு போனோம். உதவி இயக்குநர் பையன் எங்களைப் பார்த்துவிட்டு, “இல்ல சார், கிறிஸ்டியன் லுக் வேணும்” என்று ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டான். கோட்டு போட்ட நான்கு பேரைக் கொண்டுவந்தார்கள். அவர்களுக்குச் சிலுவை அடையாளம் போடத் தெரியவில்லை, இடது தோளா வலது தோளா என்று தடுமாற்றம். நான்தான் ஓரத்தில் நின்று கற்றுக்கொடுத்தேன். அதற்குத் தனிச் சம்பளம் தரவில்லை.

யேசுதாஸைச் சொன்னவருக்கு: அவர் கதை வேறு. கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, செம்பை வைத்தியநாத பாகவதரிடம் பாடம் கேட்டவர். சபரிமலை நடை சாத்தும்போது கேட்கும் குரல் அவருடையது. குருவாயூரப்பனைப் பாடினார், குருவாயூர் கோவிலுக்குள் விடவில்லை. அவர் பாடுவது அவர் பக்தி. என்னுடையது அவ்வளவு உயரமில்லை. நான் ராத்திரி வேலைக்குப் போகிறவன். எல்லாவற்றுக்கும் அவரையே உதாரணம் காட்டினால் சாதாரணக் கலைஞனின் பிரச்சினை கண்ணில் படாது.

மார்ச் 17

இப்போது பேச வேண்டியதைப் பேசுகிறேன். பங்குனி பிறந்துவிட்டது, இனி எழுத நேரம் கிடைக்காது.

யார் பேரைப் பாடுகிறாய் என்று எல்லாரும் கேட்கிறார்கள். எதற்குச் சிரிக்கிறாய் என்று எந்த உபதேசியாரும் கேட்டதில்லை. என் சங்கடம் அதில்தான் இருக்கிறது.

நாடகம் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். துதி முடிந்ததும் பபூன் வருவார். நடுநிசி வரைக்கும் பபூனும் டான்ஸும்தான். வள்ளி தினைப்புனம் காக்க வருவதெல்லாம் அதற்கப்புறம். பபூன் நேராகக் கூட்டத்தைப் பார்த்து எல்லாவற்றையும் பேசமாட்டார். என்னைப் பார்த்துப் பேசுவார். “ஆர்மோனியம் அண்ணே, நேத்து ஒரு சங்கதி” என்று ஆரம்பிப்பார். நான் “என்னப்பா” என்று கேட்க வேண்டும். அவர் ஒரு வரி சொல்வார். நான் புரியாதவன் மாதிரி “அப்படின்னா?” என்பேன். அவர் இரண்டாம் அர்த்தத்தை அவிழ்ப்பார். நான் தலையில் அடித்துக்கொண்டு சிரிக்க வேண்டும், மிருதங்கம் ஒரு தீர்மானம் வைக்க வேண்டும், ஆல்ரவுண்ட் என்ற பல வாத்தியக்காரர் ஜால்ராவைத் தட்ட வேண்டும். அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் ஜோக் விழாது. அதாவது அந்த அசிங்கத்தில் பாதி என் கையால் போவது.

அது யாரைப் பற்றிய ஜோக்? ஒன்று மனைவி, இல்லை மச்சினி, இல்லை அடுத்து மேடையேறப் போகும் டான்ஸ் பெண். அந்தப் பெண் திரைக்குப் பின்னால் சலங்கை கட்டிக்கொண்டு இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும். ஐந்து நிமிஷத்தில் வந்து அதே பபூனோடு ஆடும். கீழேயிருந்து ஒருத்தன் ரூபாய் நோட்டைக் குத்த மேலே ஏறுவான், கை எங்கே போகிறது என்று எல்லாருக்கும் தெரியும், நான் மைக்கில் “அன்பளிப்பு வழங்கிய அண்ணனுக்கு நன்றி” என்று அவன் பேரை வாசிப்பேன். முருகனைப் பாடியதை நான் ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனத்தில் (பாவ அறிக்கையில்) சொன்னதில்லை. இதைச் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 19

பபூன்களைத் திட்டுவதாக ஒரு பபூன் அண்ணனே கோபித்து எழுதியிருக்கிறார். நியாயம். நல்ல பபூன் ஒருவர் போதும், ஆபாசமே இல்லாமல் இரண்டு மணி நேரம் ஊரை உருட்டிவிடுவார். தாசில்தார், ரேஷன் கடை, மாமியார், செல்போன் எல்லாம் வந்து போகும். அப்படிப்பட்டவர்களோடு வாசித்த ராத்திரிகள்தான் எனக்கு இந்தத் தொழிலின் லாபம். ஆனால் அட்வான்ஸ் கொடுக்க வரும் கமிட்டி இளவட்டங்களே “போன வருஷம் சப்புன்னு இருந்துச்சு, இந்த வருஷம் கொஞ்சம் தூக்கலா இருக்கணும்” என்று சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள். கோர்ட்டு நிபந்தனை, போலீஸ் அனுமதிக் கடிதம் எல்லாவற்றிலும் ஆபாசம் கூடாது என்று இருக்கும். பந்தோபஸ்துக்கு வந்த காவலரும் நாற்காலி போட்டுச் சிரித்துக்கொண்டிருப்பார்.

மார்ச் 25

அக்கா ஒருவர் கேட்டிருக்கிறார்: அப்படியானால் நம் ஊர்களில் நாடகம் போட்டால் சுத்தமாக இருக்குமே, அங்கே மட்டும் வாசிக்கலாமே?

அக்கா, நம் ஊர்களில்தான் எனக்கு அதிகம் வலிக்கும். பாதுகாவலர் திருவிழாவுக்கு ஞானசௌந்தரி வைப்பார்கள். சிற்றன்னை லேனாள் சூழ்ச்சியில் இரண்டு கையும் வெட்டுப்பட்ட ராஜகுமாரிக்கு மாதா திரும்பக் கை கொடுக்கும் கதை. வள்ளி திருமணத்துக்குப் பாட்டு கட்டிய அதே சங்கரதாஸ் சுவாமிகள் ஞானசௌந்தரிக்கும் எழுதியிருக்கிறார். ஞானசௌந்தரியாக நிற்பது பெரும்பாலும் இந்து அம்மாதான். கை இல்லாமல் காட்டில் நின்று மாதாவைக் கூப்பிட்டுப் பாடும்போது முன்வரிசையில் சிஸ்டர்கள் முந்தானை நனைய அழுவார்கள். இந்த அம்மா ஏன் மாதாவைப் பாடுகிறாள் என்று அவர் ஊர்ப் பூசாரி கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஆனால் அதற்கு முன்னால் என்ன நடக்கும்? அதே பபூன், அதே டான்ஸ். நம் கமிட்டி இளவட்டமும் அதே ‘தூக்கல்’தான் கேட்கிறது. ஒரு ஊரில் ஃபாதர் எழுந்து வந்து மைக்கைப் பிடுங்குவார் என்று பயந்துகொண்டே வாசித்தேன். அவர் ஒன்பதரைக்கே ஆசீர்வதித்துவிட்டுப் படுக்கப் போயிருந்தார். கெட்டிக்காரர்.

அந்த டான்ஸ் பெண்கள் கோயிலுக்கு வந்தால் என்ன ஆகும் என்றும் கேட்டீர்கள். நம் மதத்துப் பெண்கள் சிலர் இருக்கிறார்கள். சொந்தப் பங்கில் பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டுப் போய்விடுவார்கள். எனக்குப் பாடகர் குழுவில் நாற்காலி உண்டு, அவர்களுக்குக் கிடையாது. ஒரே மேடை, ஒரே ராத்திரி, ஒரே வேனில்தான் திரும்பி வருகிறோம். உபதேசியார் உண்மையில் கோபப்பட வேண்டும் என்றால் இதற்குக் கோபப்படலாம்.

ஏப்ரல் 13

பத்து நாளாக வீட்டில் தங்கவில்லை. குரல் கட்டிவிட்டது, அதனால் எழுதுகிறேன்.

இரண்டாவது சங்கடம் நாள்காட்டி. எங்களுக்குப் பிழைப்பே மாசி தொடங்கி ஆடி வரைக்கும்தான், அதிலும் பங்குனி சித்திரைதான் உச்சம். குன்றக்குடியில் பங்குனி உத்திரம், காரைக்குடியில் முத்துமாரியம்மன் திருவிழா, சுற்றுப்பட்டி ஊரெல்லாம் காப்புக் கட்டு. அதே வாரங்கள்தான் நமக்குத் தபசு காலம். இது தற்செயல் இல்லை. மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்னாலோ வரும் பௌர்ணமியை அடுத்த ஞாயிறு ஈஸ்டர். உத்திரமும் பௌர்ணமியை ஒட்டித்தான். முருகன் கல்யாணமும் ஆண்டவர் பாடுகளும் ஒரே நிலாவில் வருகின்றன. இந்த வருஷம் ஏப்ரல் 11 உத்திரம், 18 பெரிய வெள்ளி. போன வருஷம் அதைவிட நெருக்கம். 2022-இல் தப்பித்தது. பௌர்ணமி மார்ச் 18-லேயே விழுந்துவிட்டதால் பெரிய வெள்ளி அடுத்த நிலாவுக்கு, ஏப்ரல் 15-க்குத் தள்ளிப்போனது.

இன்னொன்று வாத்தியக்காரனுக்கு மட்டும் புரியும். தபசு காலத்தில் கோயிலில் வாத்தியம் அடங்கியிருக்க வேண்டும். பாட்டுக்குத் துணையாகத் தொடலாம், தனியாக வாசிக்கக் கூடாது. அல்லேலூயா கிடையாது. பெரிய வியாழன் ‘உன்னதங்களிலே’ பாடி முடித்ததும் மணியும் ஓய்ந்துவிடும், மரக்கட்டைதான் தட்டுவார்கள். சனி ராத்திரி திருவிழிப்பில்தான் எல்லாம் திரும்பும். வருஷத்தில் ஊர் உலகமெல்லாம் என் பெட்டியைக் கேட்கும் வாரங்களில்தான் என் கோயில் அதை மூடி வைக்கச் சொல்கிறது. எனக்கு இது பிடித்திருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த மூன்று நாள் கையைக் கட்டிக்கொண்டு நின்று வெறும் குரலில் பாஸ்கு, அதாவது ஆண்டவர் பாடுகளின் கதை, பாடும்போதுதான், மற்ற ராத்திரிகளில் எவ்வளவு சத்தம் போடுகிறோம் என்று தெரிகிறது.

அந்த நாட்களுக்கு நான் தேதி கொடுப்பதில்லை. அதற்கு விலை உண்டு. இரண்டு வருஷம் மறுத்தால் மூன்றாம் வருஷம் ஏஜென்ட் அந்த ஊருக்கு வேறு ஆளைப் பழக்கிவிடுவார். நிரந்தரமாகப் போன ஊர்கள் உண்டு. கடன் வாங்கியிருக்கும் தம்பிமார்கள் பெரிய வெள்ளி ராத்திரியும் போகிறார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து சீசன் ஆரம்பத்திலேயே எல்லாம் முடங்கியதும், அடுத்த வருஷமும் அப்படியே போனதும் நினைவிருக்கிறதா? அந்தக் கடனே பல வீடுகளில் இன்னும் தீரவில்லை.

ஏப்ரல் 22

நேற்று ராத்திரி நாடகம் முடிந்து வந்து இன்று மத்தியானம் எழுந்தால்தான் தெரிகிறது, திருத்தந்தை பிரான்சிஸ் போய்விட்டார். ஈஸ்டருக்கு மறுநாள்.

இந்த இழையில் அவரைப் பற்றிச் சொல்ல ஒன்று இருக்கிறது. போன வருஷம் ஜூன் 14-ஆம் தேதி உலகம் முழுக்க உள்ள நகைச்சுவைக் கலைஞர்களை, நூறு பேருக்கு மேல், வத்திக்கானுக்குக் கூப்பிட்டுப் பேசினார். கடவுளைப் பார்த்துக்கூடச் சிரிக்கலாம், நாம் நேசிக்கிறவர்களோடு விளையாடுவது மாதிரி, அது தேவதூஷணம் ஆகாது என்றார். நல்ல நகைச்சுவை உணர்வு கேட்டுத் தாமஸ் மூர் செபத்தைத் தினமும் சொல்வதாகவும் சொன்னார். என் பபூன் அண்ணனுக்கு இதை ஃபோனில் சொன்னேன். “நம்மளைக் கூப்பிடலையே” என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, “கடவுளைக் கிண்டல் பண்ணா ஒண்ணும் இல்ல, எளியவங்களைப் பண்ணாத்தான் தப்பு, அதானே சொல்ல வர்றீங்க?” என்று கேட்டார். மார்ச்சில் நான் எழுதியதை இன்னும் மறக்கவில்லை போல.

மே 5

கிராமத்தில் யாரும் மதம் பார்ப்பதில்லை என்று முதல் குறிப்பில் தொனிக்க எழுதியிருந்தேன். அதற்கு ஒரு அடிக்குறிப்பு வேண்டும். பெரும்பாலும் உண்மைதான், ஆனால் கொஞ்சம் மாறிவருகிறது. சமீபத்தில் ஒரு ஊரில் நோட்டீஸ் அடிக்கும்போது என் பேரைப் போட வேண்டாம், இனிஷியலோடு ‘ஆர்மோனியச் சக்கரவர்த்தி’ என்று மட்டும் போட்டுக்கொள்கிறோம் என்று ஏஜென்ட் மூலமாகச் சொல்லி அனுப்பினார்கள். நேரில் போனபோது எல்லாரும் அன்பாகத்தான் இருந்தார்கள். யார் சொன்னது என்று யாரும் சொல்லவில்லை. சக்கரவர்த்திக்குச் சம்பளமும் கூட்டித் தரவில்லை.

பட்டணத்தில் இது முன்பே வெடித்துவிட்டது. 2018 ஆகஸ்டில் கர்நாடக இசைக் கலைஞர்கள் ஏசுவைப் பாடக் கூடாது என்று மிரட்டல்கள் வந்தன. ஓ.எஸ். அருண் ஒரு கச்சேரியிலிருந்து விலகினார். டி.எம். கிருஷ்ணா, இனி மாதம் ஒரு பாட்டு ஏசு மேலோ அல்லா மேலோ வெளியிடுவேன் என்று அறிவித்தார். தஞ்சாவூரில் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார் பெத்லகேம் குறவஞ்சி பாடி, சரபோஜி மன்னரின் சிநேகிதராகவும் இருந்தவர். அந்த நாட்டில் இரு நூறு வருஷம் கழித்து இப்படி.

மே 12

கேள்வி கேட்ட தங்கச்சி திரும்ப எழுதியிருக்கிறார். ஏஜென்ட் கேட்டது காமிக்தானாம், ராஜபார்ட் என்பது அப்பாவை இளக்கச் சொன்னதாம். தம்பி போகவில்லை, ஆனால் நாடகத்தை விடவும் மனமில்லை என்கிறான். நல்லது.

தம்பிக்குச் சொல்லுங்கள். இந்த ஆடி வரைக்கும் என்னோடு வரட்டும். ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பின்பாட்டுப் பாடட்டும், கைச்செலவுக்கு நான் பேசித் தருகிறேன். வள்ளி நாரதரோடு தர்க்கம் பண்ணும் இடத்தைத் தூங்காமல் கேட்க வேண்டும், அதுதான் பாடம். பபூன் என்னைப் பார்த்து ஆரம்பிக்கும்போது அவன் சிரிக்கிறானா என்று நான் பார்ப்பேன். சில பபூன்களோடு நான் இந்த வருஷம் “அப்படின்னா?” கேட்பதை நிறுத்திவிட்டேன். “சரி, அடுத்தது சொல்லுப்பா” என்று தாண்டிவிடுகிறேன். ஒருத்தர் கோபித்துக்கொண்டார், ஒருத்தர் புரிந்துகொண்டு வேறு ஜோக்குக்குப் போனார். பாதிப் பேரோடு நடக்கிறது.

உபதேசியாரிடம் நான் பேச மாட்டேன், அவர் என்னையும் சேர்த்துத்தான் சொல்வார். அப்பா பேசட்டும்.

அப்புறம் ஒரு டைரி வாங்கச் சொல்லுங்கள். அடுத்த வருஷம் உத்திரம் ஏப்ரல் 1, பெரிய வெள்ளி 3. இப்போதே 2, 3, 4 மூன்றையும் அடித்து வைத்துவிட வேண்டும், ஏஜென்ட் அட்வான்ஸை நீட்டுவதற்கு முன்னால். 1-ஆம் தேதி ராத்திரி போகலாம். விடியலில் வேன் பிடித்தால் ஒன்பது மணிக்கு வீடு, நன்றாகத் தூங்கி எழுந்து சாயந்தரம் பெரிய வியாழன் பாதம் கழுவும் பூசைக்கு வந்துவிடலாம். தேவகோட்டைக்கு மேற்கே ஊர் என்றால் மட்டும் வேண்டாம், அந்தப் பக்கம் காலையில் பஸ் சரியில்லை.